பாட்டன் பெயரும் பாட்டி காணியும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆடி அமாவாசையன்று கீரிமலையிலே பிதிர்க்கடன் செய்ய வருவோரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். குருக்கள் மூன்று தலைமுறைப் பெயரைக் கேட்கிறார். தந்தையின் பெயர் உடனே வருகிறது. பாட்டன் பெயரும் வந்துவிடுகிறது. பூட்டன் பெயர் கேட்டவுடன் மனிதர் திகைக்கிறார். பக்கத்தில் நிற்கும் தமையனைப் பார்க்கிறார். அவரும் வானத்தைப் பார்க்கிறார். இக்காலத்திலே சிலர் மடியிலிருந்து தொலைபேசியை எடுத்துக் கனடாவிலுள்ள பெரியம்மாவை எழுப்பிக் கேட்பதையும் காணலாம். பெண்வழியைக் கேட்டாலோ நிலைமை இன்னும் மோசம். பாட்டிக்கே "ஆச்சி" என்பதைத் தவிர வேறு பெயர் இருந்ததா என்று ஐயுறுவோர் உளர். பெயர் தெரியாதவிடத்தே பொதுப்பெயர் சொல்லிக் கிரியை நிறைவேறிவிடும். ஆனால், தெரியாத அந்தப் பெயரைத் தேடிக் கண்டுபிடிக்க வழியுண்டா என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள்.

வட இந்தியாவிலே அரித்துவாரத்துப் பண்டாக்கள் தம்மிடம் வரும் யாத்திரிகரின் குலமுறையைத் தலைமுறை தலைமுறையாக ஏடுகளில் எழுதி வைத்திருக்கின்றனர். ஊரையும் குலத்தையும் சொன்னால் பாட்டன் வந்துபோன ஆண்டையும் எடுத்துக் காட்டுவர். நமக்கு அப்படியொரு ஏற்பாடு இல்லை. ஆகவே, இல்லை என்று கைவிரித்துவிடுவது வழக்கமாயிற்று. உண்மையில் யாழ்ப்பாணத்தாரைப் போலக் காகிதத்திலே பதிவுபட்ட மக்கள் கீழைத்தேயத்திலே அதிகமில்லை. பதிவு இருக்கின்றது. அதனை எந்தப் பெயரில், எந்த ஊரில் தேடுவது என்பதிலேதான் நாம் இடறுகிறோம்.

முதலாவது இடறல் பெயர். நம்மவர்க்குக் குடும்பப்பெயர் என்பது கிடையாது. தந்தை பெயரே முன் நிற்கும். அதனோடு பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடுவதும் வழக்கம். வேலுப்பிள்ளையின் மகன் கந்தையா. கந்தையாவின் மகன் வேலுப்பிள்ளை. அவர் மகன் மறுபடியும் கந்தையா. ஊஞ்சல் ஆடுவதுபோல இரு பெயர்களே நூறாண்டு ஆடிக்கொண்டிருக்கும். 1870இல் ஓர் உறுதியில் வரும் கந்தையாவும் 1930இல் வரும் கந்தையாவும் ஒருவரே என எண்ணி இரண்டு தலைமுறையை விழுங்கிவிட்ட வமிசாவளிகளை நான் பார்த்திருக்கிறேன். வயதைக் கணக்கிட்டால் அந்தப் பெரியவர் நூற்றுமுப்பது வருடம் வாழ்ந்திருக்கவேண்டும்!

இதனினும் பெரிய இடறல், ஒருவருக்கே இரண்டு மூன்று பெயர் இருப்பது. இதற்கு நீங்கள் எல்லோரும் அறிந்த ஒருவரையே எடுத்துக்காட்டாகத் தருகிறேன். தொல்காப்பியத்தையும் கலித்தொகையையும் ஏட்டிலிருந்து அச்சேற்றித் தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1832ஆம் ஆண்டு சிறுப்பிட்டியிலே வைரவநாதர் என்பவருக்கு மகனாகப் பிறந்தவர். இன்று நாம் "சி. வை." என்பதைச் சிறுப்பிட்டி வைரவநாதர் என்று விரித்துக்கொள்கிறோம். ஆனால், ஆங்கிலத்திலே அவர் எழுத்துகள் வேறு. கிறிஸ்தவராயிருந்த இளமைக்காலத்தில் அவருக்கு வழங்கிய பெயர் சார்ள்ஸ் வின்ஸ்லோ கிங்ஸ்பெரி. இனி, அவருடைய பேரப்பிள்ளை ஒருவர் வட்டுக்கோட்டைச் செமினரியின் பழைய ஏடுகளிலே தாமோதரம்பிள்ளை என்ற பெயரையே தேடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அருகிலுள்ள வரியிலே கிங்ஸ்பெரி என்று எழுதியிருந்தாலும் அவர் கண் அதனைத் தாண்டிப் போய்விடும் அல்லவா?

கதை அங்கே முடியவில்லை. பிள்ளை அவர்கள் சைவத்துக்கு மீண்டு அப்பெயரைக் கைவிட்டார்கள். அவர்கள் மகன் அழகசுந்தரமோ பின்னர் கிறிஸ்தவராகி, பிரான்சிஸ் கிங்ஸ்பெரி என்ற பெயரோடு போதகராயும் தமிழாசிரியராயும் விளங்கினார். தந்தை விட்ட பெயரை மகன் எடுத்தார். இரண்டு தலைமுறைக்குள்ளே ஒரு குடும்பம் பதிவேடுகளில் இரண்டு குடும்பம்போலத் தோன்றுகிறது.

இஃது ஒரு வீட்டுக் கதை மாத்திரமன்று. 1823 முதல் 1855 வரை நடந்த அந்தச் செமினரியிலே, அமெரிக்காவிலிருந்து பணம் உதவியவர்கள் தாம் விரும்பிய பெயரைப் பிள்ளைகளுக்கு இடுவிப்பது வழக்கம். நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, ஆர்னோல்ட் சதாசிவம்பிள்ளை, கறோல் விசுவநாதபிள்ளை என்னும் பெரியார் பெயர்களிலே இரண்டு பாதியும் ஒட்டியிருப்பதால் நமக்கு வசதியாயிற்று. புகழ் பெறாத நூற்றுக்கணக்கான பிள்ளைகளின் பெயரில் ஒரு பாதி ஏட்டிலும் மறு பாதி வீட்டிலுமாகப் பிரிந்துபோயிற்று. 1824இல் உடுவிலிலே தொடங்கிய பெண்பாடசாலையின் மாணவிகளுக்கும் இதே கதிதான். ஊர்ப்பெயரும் மாறும்: அந்த ஏடுகளில் பற்றிக்கோட்டா என்பது வட்டுக்கோட்டை, தில்லிப்பளி என்பது தெல்லிப்பழை. பெயரை எழுத்தெண்ணித் தேடாமல் வாய்விட்டு வாசித்துத் தேடவேண்டும்.

"எங்கள் குடும்பம் பரம்பரைச் சைவம், மிசன் ஏட்டிலே எங்களுக்கு என்ன வேலை?" என்று ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார். நல்ல கேள்வி. ஆனால் ஒல்லாந்தர் ஆண்ட 1658 முதல் 1795 வரையான காலத்தை நினைத்துப் பாருங்கள். கோவிலிலே பதியாத விவாகம் சட்டத்தில் நிற்காது. விவாகம் நில்லாவிட்டால் பிள்ளைக்கு முதுசம் சேருவதிலே வில்லங்கம். ஆகவே, காலையிலே பள்ளிக்கூடத்துச் சட்டம்பியாரிடம் பெயர் பதிந்தவர்கள் மாலையிலே வீட்டினுள் விளக்கேற்றினர். விரதத்துக்குச் சாப்பிட்ட வாழையிலையைக் கூரையிலே செருகி மறைத்த கதையை உங்கள் ஆச்சிமார் சொல்லியிருப்பார்கள். 1707ஆம் ஆண்டு கிளாஸ் ஐசாக்ஸ் என்ற திசாவை தேசவழமையைத் தொகுத்தபோது, அதன் தமிழாக்கத்தைப் பார்வையிட்டுச் சரியென்று ஒப்பிய முதலிமார் பன்னிருவருள்ளும் பலருடைய பெயர் "டொன்" என்றே தொடங்குகின்றது. அவர்கள் வழிவந்தோரிற் பலர் இன்று நம்மோடு நல்லூர்த் தேர்வடம் பிடிப்பவர்களே. அக்காலத்தார் பிழைத்திருக்கச் செய்ததை இக்காலத்திலிருந்து நாம் நாணுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஒல்லாந்தர் விட்டுப்போன ஏடுகளுள் முக்கியமானது தோம்பு. சொல் போர்த்துக்கேயருடையது; அவர்கள் தொடங்கியதை ஒல்லாந்தர் விரித்தனர். காணித் தோம்பிலே நிலமும் உடையவரும் பங்கும், தலைத் தோம்பிலே ஆட்களும் அவர்கள் செய்யவேண்டிய ஊழியமும் எழுதப்பட்டன. எல்லாம் கோவிற்பற்று வாரியாக இருக்கும். வலிகாமத்தில் 14, தென்மராட்சியில் 5, வடமராட்சியில் 3, பச்சிலைப்பள்ளியில் 4, தீவுகளில் 6 ஆக 32 கோவிற்பற்றுகள். இன்றைய பிரதேச செயலகப் பிரிவை வைத்துக்கொண்டு அங்கே தேடினாற் குழப்பமே மிஞ்சும். வீட்டிலுள்ள உறுதியை எடுத்து முதற்பக்கத்தைப் பாருங்கள். கோவிற்பற்றின் பெயர் அங்கே இன்றும் இருக்கும். அதுவே திறவுகோல். ஒல்லாந்த ஆவணங்களிற் பெரும்பகுதி கொழும்பிலே தேசிய சுவடிகள் திணைக்களத்தில் உள்ளன. பழைய ஒல்லாந்த எழுத்தைப் படிக்கப் பயிற்சி வேண்டும். நம் வாலிபரில் இருவராவது அதனைக் கற்றால் பெரும் உபகாரம்.

இப்பொழுது நான் முக்கியமாகச் சொல்லவந்த இடத்துக்கு வருகிறேன்.

நாம் முன்னோரைத் தேடும்போது தந்தை, தந்தையின் தந்தை என்று ஆண்வழியே ஏறுகிறோம்; அதுவும் நாம் குடியிருக்கும் ஊரிலேயே தேடுகிறோம். யாழ்ப்பாணத்திலே இந்த வழி இரண்டாம் படியிலேயே முட்டுப்படும். ஏன்? நீங்கள் குடியிருக்கும் வளவு யாருடையது? பெரும்பாலும் தாயின் சீதனம். தாய்க்கு அது அவள் தாயின் சீதனமாக வந்தது. தேசவழமையின்படி முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்று மூவகைச் சொத்து. பழைய வழக்கத்திலே தந்தையின் முதுசம் ஆண்மக்களையும் தாயின் சீதனம் பெண்மக்களையும் சார்ந்தது. மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வந்து குடியிருப்பார். 1911ஆம் ஆண்டுச் சட்டம் முறையை மாற்றிய பின்னும் பழக்கம் எளிதில் மாறவில்லை. ஆகவே, ஆண் ஒவ்வொரு தலைமுறையும் ஊர் மாறுகிறான். பெண் இருந்த இடத்திலேயே இருக்கிறாள். பெயர் ஆண்வழி நடக்கிறது. நிலம் பெண்வழி கிடக்கிறது. கோண்டாவிலிலே பாட்டனைத் தேடிக் களைத்தவர், அவர் புத்தூரிலிருந்து மாப்பிள்ளையாக வந்தவர் என்று அறிந்தால் ஒரே நாளில் வேலை முடிந்துவிடும்.

பெண்ணோ வமிசாவளியிலே எழுதப்படாதவள். ஆனால் உறுதியிலே எழுதப்பட்டவள். கணவன் சம்மதமில்லாமல் அவள் காணியை விற்க இயலாது என்ற விதியிருந்தபடியால், அவள் பெயர் வருமிடமெல்லாம் கணவன் பெயரும் வரும். 1840ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் காணிக் கைமாற்றம் பிரசித்த நொத்தாரிசு முன்னிலையிலேயே நடக்கவேண்டியதாயிற்று. ஆகவே, பிறப்பு இறப்புப் பதிவைப் பரவலாக்கிய 1867ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு ஒரு தலைமுறைக்கு முன்னரே நம் பெண்களின் பெயர்கள் உறுதிகளில் ஏறிவிட்டன.

உறுதியை வாசிப்போர் எல்லைகளைப் படிக்காமல் விட்டுவிடுவர். அதுதான் சாரமான பகுதி. கிழக்கெல்லை இன்னார் மனைவி இன்னாருக்கும் பங்காளருக்கும் உரியது, வடக்கெல்லை இறந்த இன்னாரின் உரித்தாளருக்குரியது என்று நாலு பக்கமும் நாலு குடும்பம் நிற்கும். பங்காளருக்கும் அடுத்த காணிக்காரருக்கும் முன்னுரிமையாக வாங்கும் உரித்து நம் வழமையில் இருந்தபடியால், எல்லைக்காரர் பலர் இரத்த உறவினராகவே இருப்பர். காணிப்பெயரையும் தள்ளிவிடாதீர்கள். கலட்டி, புலம், தாழ்வு, வளவு என்று முடியும் பெயர்களின் முற்பாதியிலே ஒருவேளை உங்கள் ஓட்டன் பெயரே ஒளிந்திருக்கலாம்.

என் தாய்வழிப் பூட்டி ஒருவரை நான் பல வருடம் தேடினேன். அவர் முதற் பிரசவத்தோடு இளவயதில் இறந்தவர். பூட்டனார் மறுமணஞ் செய்தார். பூட்டனாருக்கு வெளியிட்ட கல்வெட்டிலே இரண்டாவது மனைவியின் பெயர் மாத்திரம் இருந்தது. பிறப்புப் பதிவு இல்லை. இறப்புப் பதிவும் கிடைக்கவில்லை. ஊரிலே பெயர் தெரிந்த ஒருவருமில்லை. பின்னர் தேசவழமையை வாசிக்கும்போது ஒரு விதி கண்ணிற்பட்டது: தகப்பன் மறுமணஞ் செய்தால், இறந்த தாயின் சொத்து அவள் பிள்ளைக்கென்று பிரித்து வைக்கப்படவேண்டும். அப்படியானால், மகளுக்குச் சீதனம் எழுதியபோது அக்காணி யாரிடமிருந்து வந்ததென்று சொல்லாமல் உறுதி எழுத முடியாதே! பெட்டகத்திலிருந்த உறுதி இடப்பெயர்விலே போய்விட்டது. ஆனால், நொத்தாரிசு எழுதும் உறுதியின் இரட்டைப்படி காணிப் பதிவுக் கந்தோருக்குப் போகும். மூன்று முறை ஏறி இறங்கி அப்படியை எடுத்தேன். "என் காலஞ்சென்ற முதற் பெண்சாதி" என்ற சொற்களை அடுத்து அவர் பெயரும் அவர் தகப்பனார் பெயரும் இருந்தன. பெயரை இங்கே சொல்லவில்லை, அது வீட்டுக்குரியது. அடுத்த சித்திரைப் பூரணைக்கு என் தாயார் அப்பெயரைச் சொல்லியே தானங் கொடுத்தார். அப்பொழுது அவருக்கு வயது எண்பத்தொன்று.

சாதக ஓலையையும் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். நம் முன்னோர் ஆங்கில ஆண்டை எழுதவில்லை. விகாரி, சார்வரி என்று வருடப் பெயரை எழுதினர். கல்வெட்டிலுள்ள திதி வெண்பாவும் அப்படியே வருடம், மாதம், பக்கம், திதி என்று சொல்லும். விகாரி என்றால் 1839ஆ, 1899ஆ, 1959ஆ? அறுபது வருடத்துக்கு ஒருமுறை அதே பெயர் வரும். சாதகத்திலே வியாழனும் சனியும் நிற்கும் இராசியைப் பார்த்துத் தீர்மானிக்கலாம் என்பர் சிலர். அது போதாது. வியாழன் 12 வருடத்திலும் சனி ஏறத்தாழ 30 வருடத்திலும் சுற்றுவதால், அறுபதாவது வருடம் இரண்டும் பழைய இடத்தருகே வந்துவிடும். இராகுவைப் பாருங்கள். அதன் சுற்று 18½ வருடம். அறுபது வருடத்திலே அது இரண்டு மூன்று இராசி தள்ளி நிற்கும். ஒரு சோதிடரும் ஒரு பஞ்சாங்கமும் இருந்தால் அரைமணித்தியால வேலை.

மலாயாவுக்குப் போய்த் திரும்பாதவர்களைத் தேடுவோர் அந்நாட்டுச் சங்கங்களின் மலர்களையும் பார்க்கவேண்டும். 1867 முதல் 1967 வரை மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழ்ந்த இலங்கையரின் நூறாண்டு வரலாற்றை எஸ். துரைராஜசிங்கம் தொகுத்திருக்கிறார்.

இனிச் சொல்லப்போவது சிலருக்குக் கசக்கலாம். பெரியோர்கள் பொறுத்தருள வேண்டும்.

வமிசாவளி தேடுவோரிற் பலர் ஒரு முதலியாரையோ, ஓர் உடையாரையோ, முடிந்தால் ஆரியச்சக்கரவர்த்தியையோ முன்னோராகக் காணப் புறப்படுகிறார்கள். தோம்பு அவர்கள் விருப்பப்படி பேசாது. ஒல்லாந்தர் காலக் கணக்குகளிலே பெருந்தொகையாக எண்ணப்பட்ட மடப்பள்ளியார் என்னும் பிரிவினர் பிற்காலக் கணக்குகளிலே தனியாக இல்லை. அவர்கள் எங்கே போனார்கள்? எங்கும் போகவில்லை, பெயர்தான் போயிற்று. சாதி என்பது கல்லில் எழுதியதென்று எண்ணுபவர் ஏடுகளைப் பார்க்கட்டும்.

மறுபுறத்திலே, இந்தக் குடாநாட்டிலே மனிதரை மனிதர் உடைமையாக வைத்திருந்தனர். 1806, 1818ஆம் ஆண்டுகளிலே அடிமைகளைப் பதியவேண்டுமென்று சட்டங்கள் வந்தன. கோவியர், நளவர், பள்ளர் என்போர் அவ்வாறு பதியப்பட்டனர். 1844இலேதான் அடிமைமுறை சட்டத்தால் முற்றாக ஒழிந்தது. அவர்கள் வழிவந்த பிள்ளைகள் இச்சபையிலும் இருக்கிறார்கள். அவர்களுடைய முன்னோரும் தேடப்படவேண்டியவர்களே. அவர்களுக்குக் காணியுறுதி இல்லை, கல்வெட்டு இல்லை, கோவிற் கணக்கில் இடமில்லை. அவர்கள் பெயர் உடையவரின் சொத்தாகவே எழுதப்பட்டிருக்கும். ஆகவே, அந்தப் பெயர்கள் எங்கே இருக்கின்றன தெரியுமா? பெட்டகங்களிலே. "எங்கள் பாட்டனாருக்கு இத்தனை குடிமைகள்" என்று பெருமை பேசிய வீடுகளிலே இருக்கும் பழைய நறுக்குகளிலும் ஓலைகளிலும் அவை கிடக்கும். அவ்வோலையைக் கிழித்தெறிந்தால் உங்கள் வெட்கம் மறையும். இன்னொருவருடைய பூட்டியின் பெயரும் அத்துடன் போகும். அந்த ஓலை உங்களுக்கு மாத்திரம் உரியதன்று என்பதே என் கருத்து. இதனை ஒப்பாதவர் இருக்கலாம். கூட்டம் முடிந்தபின் வாதாட ஆயத்தமாயிருக்கிறேன்.

நாம் ஏற்கெனவே இழந்தது கொஞ்சமன்று. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் போயின. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்தும், 1995 ஒக்டோபரில் வலிகாமம் முழுவதிலிருந்தும் மக்கள் கையில் அகப்பட்டதோடு நடந்தார்கள். பிள்ளையைத் தூக்குவதா, பெட்டகத்தைத் தூக்குவதா? எஞ்சியவற்றையே இனிச் சேர்க்கவேண்டும். 2005 முதல் நூலக நிறுவனத்தார் பழைய மலர்களையும் பத்திரிகைகளையும் அந்தியேட்டிக் கல்வெட்டுகளையும் மின்படியாக்கி யாவரும் பார்க்கத் தந்துவருகின்றனர். முப்பத்தோராம் நாள் கிரியைக்கு வந்து சாப்பிட்டுவிட்டு, கையிற் தந்த கல்வெட்டைப் பேருந்திலே விட்டுவிட்டு இறங்கும் நம்மவர் இதனைச் சற்று எண்ணவேண்டும்.

செயலாளரோடு கலந்து ஓர் ஒழுங்கு செய்திருக்கிறேன். உங்கள் வீட்டிலுள்ள கல்வெட்டு, சாதக ஓலை, பழைய உறுதி எதுவாயினும் வருகிற ஞாயிற்றுக்கிழமை தொடக்கம் சங்க வாசிகசாலைக்குக் கொண்டுவரலாம். காலை ஒன்பது மணி முதல் வாலிபர் நால்வர் அங்கே இருந்து, உங்கள் கண்முன்னே படம் எடுத்து, மூலத்தை அப்பொழுதே திருப்பித் தருவார்கள். மூத்த தாய்மார்கள் ஏடு ஒன்றும் இல்லையே என்று நின்றுவிடவேண்டாம். கிணற்றடிக் காணி யாருடைய சீதனம், அவள் எந்த ஊர், அவளை எப்படிக் கூப்பிடுவார்கள் என்ற மூன்றையும் வாயாற் சொன்னால் போதும், பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். நடக்க இயலாதவர்கள் பெயரைச் செயலாளரிடம் கொடுத்தால் வீட்டுக்கே வருவார்கள்.